கல்கத்தாக் கலைப்பள்ளியின் வடிவமைப்புக் கல்வியும் தமிழகத் தொடர்பும்

முன்னுரை

வங்காளத்தில் நவீன இந்தியக் கலை தோன்றிய வரலாற்றை எழுதுவோர் 1896-ஆம் ஆண்டைத் தவறாமல் குறிப்பிடுவர். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் எர்னெஸ்ட் பின்ஃபீல்டு ஹாவெல் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அடுத்த பத்தாண்டுகளில் அப்பள்ளியில் அவர் செய்த மாற்றங்களும், அவற்றை எதிர்த்து மாணவர் வெளியேறியமையும், அபனீந்திரநாத தாகூரின் வருகையும் 'மேலைக் கலையா, கீழைக் கலையா' என்னும் வழக்காகவே இதுகாறும் பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளன. அவ்வழக்கு ஓவியத்தைப் பற்றியது மட்டுமன்று. அதன் அடியில் வடிவமைப்புக் கல்வி பற்றிய வினா ஒன்று கிடந்தது. ஒரு பொருளின் வடிவத்தை முதலில் மனத்தில் காண்பவர் யார்? அதனைத் தம் கையால் செய்பவரா, அன்றித் தாளில் வரைந்து பிறரிடம் செய்யக் கொடுப்பவரா? இவ்வினாவுக்கு ஹாவெல் கண்ட விடை கல்கத்தாவில் தோன்றியதன்று, அதற்கு முன் அவர் பணியாற்றிய சென்னை மாகாணத்தில் உருவானது என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

தமிழாய்வாளர் ஒருவர் கல்கத்தாக் கலைப்பள்ளியைப் பற்றி எழுதுவதற்கு என்ன உரிமை என்னும் ஐயம் எழலாம். அவ்வையத்திற்கு விடை கட்டுரையின் போக்கிலேயே கிடைக்கும் என்று நம்புகிறேன்.

சொல்லும் பொருளும்

'வடிவமைப்பு' என்பது நம் காலத்துச் சொல். பல்கலைக்கழகத் துறையின் பெயராக அது வழங்கத் தொடங்கியது மிக அண்மையிலேயேயாம். பழந்தமிழில் இப்பொருளுக்குத் தனிச்சொல் தேடுவார்க்கு ஏமாற்றமே மிஞ்சும். 'வினை', 'தொழில்' என்னும் சொற்கள் செய்தலையும், செய்பொருளில் அமைந்த வேலைப்பாட்டையும் ஒருங்கே குறித்து வந்துள்ளன. ஓவியரைக் குறிக்க மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் ஆளும் 'கண்ணுள் வினைஞர்' என்னும் தொடரிலும் காணலும் செய்தலும் பிரியாமலே நிற்கின்றன. இதனைச் சொல்வறுமை எனக் கொள்ளுதல் தவறு. எண்ணுபவரும் செய்பவரும் ஒருவராகவே இருந்த தொழிலமைப்பில் இரண்டுக்கும் இரு சொற்கள் வேண்டப்படவில்லை என்று கொள்வதே பொருத்தம். தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், சிற்பி என்னும் ஐந்தொழிற் கம்மாளரிடையே அளவும் வடிவமும் பயிற்சியோடு சேர்ந்தே தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன.

இவ்விணைப்பை அறுத்தது ஆலை உற்பத்தி. இங்கிலாந்தில் பொருளை ஆலை செய்தது. அதற்குரிய மாதிரியை வரைந்து தரத் தனி ஆள் தேவைப்பட்டார். அவ்வாளைப் பயிற்றுவிக்க இலண்டன் சவுத் கென்சிங்டனில் ஒரு பாடமுறை உருவாயிற்று. கோட்டுப்படங்களைப் பார்த்து வரைதல், வடிவியல், சுண்ணச் சாந்தில் வார்த்த கிரேக்கச் சிற்பப் படிகளை நிழலிட்டு வரைதல் என்று படிப்படியாகச் செல்லும் அம்முறையே இந்தியக் கலைப்பள்ளிகளுக்கும் அனுப்பப்பட்டது. ஆலை வராத நாட்டிற்கு ஆலையின் பாடத்திட்டம் முன்னதாக வந்து சேர்ந்தது என்று இதனைக் கூறலாம்.

இரு நகரங்கள், இரு பள்ளிகள்

சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் தம் முயற்சியால் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். மறுஆண்டு தொழிற்பள்ளி ஒன்றும் அதனோடு சேர்ந்தது. அரசு சில ஆண்டுகளில் இரண்டையும் ஏற்று ஒன்றாக்கியது. கல்கத்தாவில் தொழிற்கலை வளர்ச்சிக்கென அமைந்த சங்கம் ஒன்று 1854 ஆகஸ்டில் தொழிற்கலைப் பள்ளியை நிறுவியது. 1864-இல் அது அரசுப் பள்ளியாயிற்று. ஹென்றி ஹோவர் லாக் தலைவரானார். 1892-இல் இந்திய அருங்காட்சியகத்தை ஒட்டிய சௌரங்கிக் கட்டடத்திற்கு அது குடிபெயர்ந்தது. இன்று கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற அரசினர் கலை, கைவினைக் கல்லூரியாக அங்கேயே அது இயங்கி வருகின்றது.

இரண்டும் 'தொழில்' என்னும் பெயரோடு தொடர்புற்றுப் பிறந்தவை. எனினும் அவற்றின் போக்கு வேறுபட்டது. சென்னைப் பள்ளி உலோகம், மரம், மண், நகை எனக் கைவினைகளிலேயே வேரூன்றியது. கல்கத்தாப் பள்ளியை நாடி வந்தோருள் 'பத்ரலோகர்' எனப்படும் படித்த நடுத்தர வகுப்பினர் மிகுதி. அவர்கள் வேண்டியது பட்டறைப் பயிற்சியன்று. கல்லச்சு, மரச்செதுக்கு, நிலவரைபடம், உருவப்பட ஓவியம் ஆகியவற்றின் வழி நகரில் கண்ணியமாக வாழ ஒரு வருவாய். அது கிடைக்கவும் செய்தது. இராஜேந்திரலால் மித்ராவின் ஒரிசாத் தொல்பொருள் நூலுக்கு (1875, 1880) லாக்கின் மேற்பார்வையில் இப்பள்ளி மாணவர் வரைந்த படங்கள் அந்நூலின் பெருமைக்குப் பாதிக் காரணம் எனலாம். பள்ளியின் மாணவராயிருந்து ஆசிரியராக உயர்ந்த அன்னதா பிரசாத் பாக்சி 1878-இல் தோழர்களோடு நிறுவிய கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவின் வண்ணக் கல்லச்சுத் தெய்வப் படங்கள் வங்காள வீடுகளின் சுவர்களை நிறைத்தன. எளிதில் எள்ளி ஒதுக்கத்தக்க கல்வியாக அது இல்லை என்பதை இங்கு வலியுறுத்த வேண்டியுள்ளது. பின்னர் வந்த வரலாற்றாசிரியர் பலர் ஹாவெலின் கண்கொண்டே அதனைப் பார்த்துவிட்டனர்.

சென்னையில் கற்றது

ஹாவெல் 1861-இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் பிறந்தவர். சவுத் கென்சிங்டனில் பயின்றவர். 1884-இல் சென்னைக் கலைப்பள்ளியின் கண்காணிப்பாளராக வந்து, தொண்ணூறுகளின் தொடக்கம் வரை அங்கிருந்தார். பள்ளிப் பணியோடு மாகாணத்தின் தொழிற்கலைகளை நேரில் கண்டு அரசுக்கு அறிக்கை தரும் பணியும் அவருக்கு இருந்தது. அக்காலத்து 'இந்தியக் கலை' என்னும் ஆங்கில இதழில் சென்னை மாகாணத் தொழிற்கலைகளைப் பற்றி எழுதியும் வந்தார்.

இப்பயணங்களில் அவர் கண்டது என்ன என்பதை அவருடைய பிற்காலக் கொள்கைகளிலிருந்து பின்னோக்கிச் சென்று உய்த்துணரலாம். தென்னகத்தில் கோயில் கட்டும் தொழில் அறுந்துபோகவில்லை. ஸ்தபதியர் தம் மரபளவைகளைக் கொண்டு, பொறியாளரின் வரைபடம் இல்லாமலேயே கட்டி வந்தனர். அரசின் பொதுப்பணித்துறையோ அவர்களை வெறும் கூலிக் கல்தச்சராகவே நடத்தியது. மரபுக் கைவினைஞர் வடிவமைப்பாளரும் ஆவார், அவரை வேலையில் அமர்த்துவதே கலையைக் காக்கும் வழி என்று ஹாவெல் வாழ்நாள் முழுதும் வாதிட்டார். புதுதில்லி கட்டப்பட்டபோது இந்தியச் சிற்பாசாரியர்க்கு அப்பணியை அளிக்க வேண்டும் என்று 1913-இல் அவர் முன்னின்று எழுப்பிய கோரிக்கையும் இவ்வாதத்தின் தொடர்ச்சியே. உயிருள்ள கட்டடக்கலை மரபை அவர் முதலில் கண்டது தமிழ் மாவட்டங்களை உள்ளடக்கிய சென்னை மாகாணத்தில் என்பது வெறும் காலவரிசைச் செய்தியாகக் கடந்துபோகத்தக்கதன்று. கல்கத்தாவில் மட்டுமே பணியாற்றியிருந்தால் இவ்வெண்ணம் அவருக்குத் தோன்றியிருக்குமா என்பது ஐயமே. அந்நகர்ப் பள்ளியின் வகுப்பறையில் கைவினைஞர் இல்லை.

கல்கத்தாவில் நிகழ்ந்தவை

பொறுப்பேற்றவுடன் ஹாவெல் பள்ளியின் பாடத்திட்டத்தைத் திருத்தினார். நுண்கலை, தொழிற்கலை ஆகிய இரு பிரிவுகளுக்கும் வடிவமைப்பைப் பொது அடிப்படையாக்கினார். அதுவரை தொழிற்கலைக்குரிய கீழ்ப்பாடமாகக் கருதப்பட்டது இப்போது ஓவியம் பயில வந்தவருக்கும் வாயிலாயிற்று. சார்புபடிகளையும் சாந்துருவங்களையும் பார்த்து வரையும் பயிற்சி குறைந்து, இந்திய வேலைப்பாடுகளே மாதிரிகளாயின. செய்ப்பூர்ச் சுவரோவிய முறையைக் கற்பிக்க அம்மரபில் வந்தவர்கள் அழைக்கப்பட்டனர். அபனீந்திரநாதர் அம்முறையைப் பயின்று தீட்டிய 'கசன் - தேவயானி' ஓவியம் அறியப்பட்டதொன்று.

மாணவர் கொதித்தனர். இரணதா பிரசாத் குப்தா என்னும் மாணவரின் தலைமையில் ஒரு குழுவினர் வெளியேறினர். அவர் 1897-இல் ஜூபிலி ஆர்ட் அகாடமி என்னும் தனிப்பள்ளியைத் தொடங்கினார். விக்டோரியா அரசியின் வைர விழா ஆண்டில் பிறந்ததால் அப்பெயர். ஆங்கிலேயத் தலைவர் இந்தியக் கலையைக் கற்பிக்க முயல, இந்திய மாணவர் அதனை மறுத்து ஆங்கில அரசியின் விழாப்பெயரால் ஐரோப்பிய ஓவியப் பள்ளி நிறுவிய இம்முரண் கலை வரலாற்றில் பலமுறை நகையோடு சொல்லப்பட்டுள்ளது. நகைப்பதற்கு முன் அம்மாணவர் தரப்பைக் கேட்பது முறை.

வங்காள நாளேடுகளும் ஹாவெலின் செயலை ஐயத்தோடே நோக்கின. ஐரோப்பிய உயர்கலைக் கல்வியை இந்தியருக்கு மறுத்து, அவர்களைக் கைவினையில் தேக்கி வைக்கும் சூழ்ச்சி இது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஹாவெலின் உள்ளம் அதுவன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குடியேற்ற ஆட்சியில் ஒரு கொள்கையின் பயன் அதனை வகுத்தவரின் உள்ளத்தைச் சார்ந்து நிற்பதில்லை. உருவப்படம் வரையும் திறமைக்கு அன்று செல்வர் வீடுகளில் கூலி கிடைத்தது. நூலச்சுக்கும் நிலவரைபடத்துக்கும் நேர்த்தியான கோட்டுப்பயிற்சி தேவைப்பட்டது. கோயில் விதானத்தின் கொடிக்கருக்கை வரையக் கற்றவருக்கு அந்நகரில் வேலை தருவார் யார்? ஹாவெலிடம் இதற்குத் தெளிவான விடை இருந்ததாகத் தெரியவில்லை. வெளியேறியோரின் பள்ளி நெடுநாள் நடந்தது. ஹேமேந்திரநாத் மஜும்தாரும் அதுல் போசும் அங்குப் பயின்றே புகழ்பெற்ற ஓவியராயினர்.

இரண்டாம் கொந்தளிப்பு 1904-05 அளவில் எழுந்தது. 1876-இல் நார்த்புரூக் பிரபுவின் ஆதரவால் பள்ளியோடு அமைந்த கலைக்கூடத்தின் ஐரோப்பிய ஓவியங்களை ஹாவெல் விற்றுவிட்டு, அத்தொகையில் முகலாய ஓவியங்களையும் பிற இந்தியக் கலைப்பொருள்களையும் வாங்கினார். விற்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை படிகளே என்றாலும், நாட்டின் சொத்து போயிற்று என்ற கூக்குரல் எழுந்தது. வங்கப் பிரிவினையால் நகரமே கலங்கியிருந்த ஆண்டில், 1905 ஆகஸ்டில், அபனீந்திரநாதர் துணைத்தலைவராகப் பொறுப்பேற்றார். முகலாயச் சிற்றோவியத்துக் கொக்கு ஒன்றை ஹாவெல் உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டிய கதையைத் தம் நினைவுரையில் அவர் சுவையாகக் கூறியுள்ளார். மறுஆண்டே ஹாவெல் நோயுற்று இங்கிலாந்து சென்றார், திரும்பவில்லை.

மகத வினைஞர்

இப்பள்ளியில் வடிவமைப்பைக் கற்பிக்க ஹாவெல் அமர்த்தியவர்களுள் லாலா ஈசுவரி பிரசாத் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். பாட்னா ஓவிய மரபின் வழித்தோன்றலாகிய இவர், பள்ளிக்கல்வி வழியாக அன்றிக் குடும்பப் பட்டறை வழியாகத் தொழில் கற்றவர். அரசுக் கலைப்பள்ளியில் இத்தகையவர் ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தது பெருநிகழ்ச்சி. மணிமேகலையின் பத்தொன்பதாம் காதையில், மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த கைவினையாளர் தமிழ்நாட்டாரோடு சேர்ந்து புகாரில் மண்டபம் அமைத்த செய்தி வருகின்றது. பாட்னா, பண்டை மகதத்தின் தலைநகர். சாத்தனார் நாட்டுப்பெயரால் சுட்டிய மகத வினைஞரின் தொழிலுறவினர் ஒருவர் கல்கத்தாவில் தம் பெயரோடு வரலாற்றில் பதிவு பெற்றார்.

ஆனால் தமிழ் வினைஞர்? ஹாவெலின் எண்ணத்துக்கு ஊற்றாக இருந்த தென்னகத்து ஸ்தபதியரும் கன்னாரும் அவருடைய கல்கத்தா வகுப்பறைக்கு வரவில்லை. அவர்களின் அறிவு 'வடிவமைப்பு' என்னும் பாடத்தின் பெயரில் பள்ளிக்குள் நுழைந்தது. அவர்கள் வெளியே நின்றனர். ஹாவெல் அவர்களை மதித்தார் என்பதும், ஆயினும் அவர்தம் பெயர்களைவிட அவர்தம் மரபையே பெரிதும் பேசினார் என்பதும் ஒருங்கே உண்மை. கொள்கை அளவில் அவர்களை உயர்த்திய அதே கல்வி, பெயர் அளவில் அவர்களை மறைத்தது. இது ஹாவெல் ஒருவரின் குறையன்று. 'மரபு' என்னும் சொல்லை நாமும் பலவேளை இப்படித்தான் கையாளுகிறோம்.

ஹாவெலின் அக்கறை வரைபடத்தோடு நிற்கவில்லை என்பதையும் கூற வேண்டும். கைத்தறி நெசவாளர் ஆலைத் துணியோடு போட்டியிட வேண்டுமானால், கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறியைக் கைக்கொள்ள வேண்டும் என்று அவர் இடைவிடாது எழுதினார். அவர் மாதிரியாகக் காட்டியது கல்கத்தாவுக்கு அருகே சீராம்பூரில் வழங்கிய தறி. (சீராம்பூரும் நம் தரங்கம்பாடியும் டென்மார்க்கின் குடியேற்றங்களாயிருந்து, 1845-இல் ஒருசேர ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டவை.) ஏறத்தாழ அதே காலத்தில் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரடு சாட்டர்ட்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். கல்கத்தாப் பள்ளி இந்தியக் கலையின் ஆன்மாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, சென்னைப் பள்ளி சட்டியும் குவளையும் செய்துகொண்டிருந்தது. இவற்றுள் எது வடிவமைப்பு என்று இன்று கேட்டால், இரண்டாவதையே பலர் சுட்டுவர்.

குமாரசுவாமியின் வாதம்

ஹாவெல் விட்ட இடத்தில் அவ்வாதத்தைத் தத்துவமாக வளர்த்தவர் ஒரு தமிழர் மகன். கொழும்பு சர் முத்து குமாரசுவாமியின் மகனான ஆனந்த குமாரசுவாமி, 'இடைக்காலச் சிங்களக் கலை' (1908), 'இந்தியக் கைவினைஞர்' (1909) ஆகிய நூல்களின் வழி, செய்பவரே சிந்திப்பவர் என்னும் கருத்தை நிலைநாட்ட முயன்றார். கல்கத்தாவில் ஜோராசாங்கோவில் தாகூர் குடும்பத்தாரோடு தங்கிப் பழகினார். 1910-இல் இலண்டனில் இந்தியச் சங்கம் தோன்றியபோது ஹாவெலோடு அதில் பங்கு கொண்டார். எனினும் அவர் வரைந்த கைவினைஞர் சித்திரத்தில் பசியும் கடனும் இல்லை. கூலி கேட்ட கல்கத்தா மாணவர் எழுப்பிய வினாவை அவரும் தொடவில்லை.

எதிர்த்திசைப் பயணம்

1909 முதல் 1927 வரை பெர்சி பிரவுன் கல்கத்தாப் பள்ளியின் தலைவராயிருந்தார். அபனீந்திரநாதர் 1915-இல் விலகினார். 1928-இல் முகுல் தே முதல் இந்தியத் தலைவரானார். மறுஆண்டு, 1929-இல், அபனீந்திரநாதரின் மாணாக்கர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி சென்னைப் பள்ளிக்குத் தலைவராக வந்தார்; இங்கும் அப்பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவரே.

சென்னையின் கைவினைப் பட்டறையில் உருவான எண்ணத்தை ஒருவர் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய் முப்பது ஆண்டுகளுக்குப் பின், கல்கத்தாவிலிருந்து வந்தவர் சென்னைப் பள்ளியைக் கைவினையிலிருந்து நுண்கலைக்குத் திருப்பினார். ஓவியமும் சிற்பமும் முதன்மை பெற்றன. பட்டறைகள் பின்னுக்குச் சென்றன. 1957 வரை நீண்ட அவர் பணிக்காலத்தின் பயனாகச் சென்னைக்கு ஓர் ஓவிய இயக்கம் கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலையை நாள்தோறும் காண்போருள், அதனைச் செய்தவர் இரங்கப்பூரில் பிறந்த வங்காளி என்பதை அறிந்தவர் சிலரே. உழைப்பைப் போற்றும் அச்சிலையின் ஆசிரியர் காலத்தில்தான் பள்ளியின் கைத்தொழிற் பிரிவுகள் மங்கின என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது. அவர்க்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் ஓவியர்க்கு வருவாய் வேண்டுமானால் கைவினையும் வேண்டும் என்று கண்டு, பத்திக் துணியையும் மட்பாண்டத்தையும் விற்ற பணத்தைக் கொண்டு 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பியது தனிக்கதை. கல்கத்தா மாணவர் 1897-இல் கேட்ட வினாவுக்கு ஒருவகை விடை அது.

சாந்திநிகேதனில்

கல்கத்தாப் பள்ளியில் அபனீந்திரநாதரிடம் பயின்ற நந்தலால் போஸ், சாந்திநிகேதனின் கலாபவனத்தை வழிநடத்தியபோது வடிவமைப்பைப் பட்டறையிலிருந்தும் வீட்டு வாசலிலிருந்தும் எடுத்துக்கொண்டார். நம் கோலத்தை ஒத்த வங்காள ஆல்பனா, பத்திக், தோல்வேலை ஆகியன ஓவியத்தோடு சமமாகக் கற்பிக்கப்பட்டன. அங்கு 1944-இல் மாணவராகச் சேர்ந்தவர் கல்பாத்தி கணபதி சுப்பிரமணியன். கேரளத்தின் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் 1924-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். பின்னர்ப் பரோடாவில் ஆசிரியரானார். 1959 முதல் 1961 வரை அனைத்திந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புக்குரிய துணை இயக்குநராக இருந்து நெசவாளரோடு நேரில் பணியாற்றினார். தறியில் அமர்ந்தவரிடம் கற்பதற்கு உரியது உண்டு, ஆனால் அவரைத் தெய்வமாக்கிவிட்டு அவர் கூலியை மறத்தல் கூடாது என்னும் சமநிலை அவர் பணியில் காணப்படுகின்றது. ஹாவெலிடமும் குமாரசுவாமியிடமும் நான் தேடிக் காணாதது இதுவே.

1980-இல் கலாபவனத்துக்கே பேராசிரியராகத் திரும்பி, 1989-இல் ஓய்வு பெற்றார். அங்குள்ள வடிவமைப்புத் துறைக் கட்டடத்தின் புறச்சுவர்களில் அவர் தீட்டிய கருப்பு வெள்ளைச் சுவரோவியம் மழையில் மங்கியது. எண்பது வயதைக் கடந்த பின், சாரத்தின்மேல் ஏறி, அச்சுவர்களை அவர் மீண்டும் வரைந்தார்.